கை கடுக்குது, சிஸ்டர்

"காலையிலேர்ந்து கை கடுக்குது, சிஸ்டர்." அந்த அக்கா சொன்னது இவ்வளவுதான். டாக்டர் எழுதிக்கொண்டே "எந்தா?" என்றார். "கைக்கு கடச்சிலாணு" என்றேன்.

அதில் பிழை இருப்பதாக இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. கடுப்புக்கு மலையாளத்தில் கடச்சில்தான். கடுப்பு என்றே சொல்லியிருந்தால் அவர் காதில் கடுப்பம் என்று விழுந்திருக்கும். ஸ்ட்ராங் டீயைக் கடுப்பமுள்ள சாயா என்கிறார்களே, அது. மூணாறில் கொழுந்து எடுக்கிற பெண்களில் கை கடுக்காதவர் யார்? என் அம்மா தினமும் ராத்திரி சொன்ன வார்த்தை அது. தைலம் தேய்த்துவிட்டவள் நான்.

அதனால்தான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லையோ என்னவோ. பஸ்ஸுக்குக் கால் கடுக்க நின்றேன் என்கிறோம். தேள் கொட்டினாலும் கடுக்குது என்கிறோம். நீர்க்கடுப்பு, வயிற்றுக்கடுப்பு வேறு. அசதியும் விஷமும் ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன; எது என்று சொல்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். நெற்றியோரத்து முடி வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. டிசம்பர் மாதக் குளிரில் வேர்வை. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கடச்சில் என்றேன்.

ஊசி போட்டு பெஞ்சில் உட்காரவைத்தோம். முக்கால் மணி நேரம் கழித்து வாந்தி எடுத்தார். அப்புறம்தான் இ.சி.ஜி. மாரடைப்பு. சந்தேகம் வந்தால் 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும், பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலி இல்லாமலே வரலாம் என்றெல்லாம் படித்தவள்தான் நான்.

டாக்டரும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அந்த அக்காவாவது நெஞ்சு அடைக்குது என்று சொல்லியிருக்கலாம். அவர் ஏன் சொல்லவேண்டும்? அவருக்குக் கடுத்தது கைதானே.

கோட்டயத்துக்கு அனுப்பிப் பிழைத்து வந்தார். மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறார். "அன்னிக்கு நீங்க இருந்ததாலதான் மலையாளத்துல எடுத்துச் சொல்ல முடிஞ்சுது, சிஸ்டர்" என்பார். எனக்குப் பதில் வராது. பிரஷர் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, "எங்கயாச்சும் வலி இருக்கா அக்கா?" என்பேன்.

"இல்ல சிஸ்டர். கால்தான் கொஞ்சம் கடுக்குது."

"எப்படிக் கடுக்குது?"

"கடுப்புன்னா கடுப்புதான். உங்களுக்குத் தெரியாததா?"