‘பிரிண்ட் வரமாட்டேங்குது’ என்று தேடினால்

“அண்ணே, கரண்ட் போய் வந்துச்சு. அதுலேருந்து பிரிண்ட் வரமாட்டேங்குது.”

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் மதுரை டி.டி.பி. சென்டர்களிலிருந்து அடிக்கடி வரும் போன் இது. முகூர்த்த நாளில் உசிலம்பட்டி மண்டபத்தில் மொய்க் கணக்கு அச்சாகிக்கொண்டிருக்கும்போது வந்தால் குரலில் பதற்றம் கூடுதலாக இருக்கும்.

பிரிண்டர் பழைய ஹெச்பி லேசர்ஜெட் 1020 என்றால் முதலில் ஃபர்ம்வேரைத்தான், அதாவது பிரிண்டருக்குள் ஓடி அதை இயக்கும் மென்பொருளைத்தான், பார்க்க வேண்டும். அந்த மாடல் ஃபர்ம்வேரைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் கணினிதான் அனுப்ப வேண்டும். கணினி யு.பி.எஸ்.ஸில் ஓடுகிறது, பிரிண்டர் நேரடி லைனில் இருக்கிறது. கரண்ட் திரும்பியதும் பிரிண்டர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு எழுகிறது. வழக்கமாக, லினக்ஸில் ஹெச்பி பிரிண்டர்களை ஓட்டும் ஹெச்பிலிப் தொகுப்பு தானாகவே ஃபர்ம்வேரை அனுப்பிவிடும். அது தவறும்போது கண்ணுக்குத் தெரிகிற பிழைச் செய்தி எதுவும் வராது, வேலைகள் வரிசையில் நிற்கும், அவ்வளவுதான். டெர்மினலில் ‘ஹெச்பி-ஃபர்ம்வேர்’ கட்டளை கொடுத்துப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால், அப்டேட்டில் ஹெச்பிலிப் புதிதாகி, அதோடு தனியாக இறக்க வேண்டிய பிளக்இன் பழைய பதிப்பிலேயே நின்றிருக்கும். இரண்டும் ஒரே பதிப்பாக இருந்தால்தான் வேலை நடக்கும். ‘ஹெச்பி-பிளக்இன்’ ஓட்டி மறுபடி இறக்க வேண்டும். மண்டபத்தில் நெட் இருக்காது, போன் ஹாட்ஸ்பாட்தான் கதி. கடைசியாக, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:631 என்ற, அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருளின் பக்கத்தைத் திறந்து, பிரிண்டர் ‘பாஸ்’ ஆகியிருந்தால் ‘ரெஸ்யூம்’ கொடுக்க வேண்டும்.

இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். அடுத்த ஆள் தேடினால் கிடைக்கிற மாதிரி எழுதி வைப்பதுதான் கஷ்டம். டெக்னீஷியன் கை தானாக ‘ஃபர்ம்வேர் லோடிங் பிரச்சினை’ என்று தலைப்பு போடும். ஃபர்ம்வேர் என்ற சொல் தெரிந்தவர் எதற்குத் தேடப்போகிறார்? புகார் சொன்னவர் வாயில் வந்த வார்த்தைதான் தலைப்பாக வேண்டும், ‘வரமாட்டேங்குது’ உட்பட. கடைசி வரியில் பிரிண்டர், பிரின்டர், ப்ரிண்டர், அச்சுப்பொறி என்று எல்லா உருவங்களையும் கொட்டி வைக்கலாம். பார்க்க அசிங்கம்தான், ஆனால் அகப்படும்.

எழுத்தே காலை வாருவதும் உண்டு. ‘மௌஸ்’ என்பதைச் சிலர் ஔகாரக் குறியோடு அடிக்கிறார்கள்; சிலர் ‘மெ’ போட்டு, பக்கத்தில் ‘ள’ போடுகிறார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ‘கோப்பு’ இன்னும் மோசம். ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. இதற்கு யூனிகோடு தரத்திலேயே மருந்து உண்டு: பைத்தானின் ‘யூனிகோடுடேட்டா’வில் ‘நார்மலைஸ்’, வடிவம் என்.எஃப்.சி.; பிரிந்து கிடக்கும் குறிகளை அது ஒன்றாக்கிவிடும். சேமித்த குறிப்புகளுக்கு மட்டும் செய்தால் போதாது, தேடும் சொல்லையும் அதே சல்லடையில் போட வேண்டும். ‘மெளஸ்’ மட்டும் இதற்கு மசியாது, ஏனென்றால் அது எழுத்துப்பிழை; தனியாக மாற்று அட்டவணை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய குறிப்புகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். அடியில் கிடப்பது ஆங்கில எழுத்து, எந்தத் தமிழ்ச் சொல்லுக்கும் சிக்காது.

டெஸ்க்டாப்பைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. பிழைச் செய்தியும் தமிழில் வருகிறது. அதை அப்படியே தேடினால் எதுவும் கிடைக்காது, ஏனென்றால் தீர்வுகளை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலச் செய்தியைத்தான் ஒட்டியிருக்கிறார்கள். கட்டளைக்கு முன்னால் ‘எல்சி_ஆல்=சி’ சேர்த்து ஓட்டினால் மூலச் செய்தி வரும். இரண்டையும் சேர்த்தே குறித்து வைப்பது நல்லது. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் போட்டு வைப்பதில் புண்ணியமில்லை, படத்துக்குள் இருக்கும் எழுத்தைச் சாதாரணத் தேடல் பார்ப்பதில்லை.

பதிப்பு எண் இல்லாத குறிப்பு ஆபத்து. உபுண்டு 2015இல், 15.04 பதிப்பில், சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் வேலைக்கு அப்ஸ்டார்ட்டை விட்டு சிஸ்டம்டிக்கு மாறியது. அதற்கு முந்தைய சர்வீஸ் வைத்தியம் பல இன்று பலிக்காது. 22.04இல் ஃபயர்பாக்ஸ் ‘ஸ்னாப்’ என்ற தனிப் பொதியாக வந்தபோது அதன் புரொஃபைல் ஃபோல்டரே இடம் மாறியது. பழைய குறிப்பைப் படித்துவிட்டு, பழைய இடமான ‘.மொசில்லா’வுக்குள் எதை மாற்றினாலும் பிரவுசர் கண்டுகொள்ளாது. ஆனாலும் பழையதை அழிக்கக் கூடாது, 14.04 ஓடும் மெஷின் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். ‘இது வரைக்கும்தான்’ என்று தலையில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது “சரியாயிருச்சுண்ணே, தேங்க்ஸ்” என்று முடியும் குறிப்பு. கேபிளை மாற்றி, பிளக்இன்னை இறக்கி, ரீஸ்டார்ட்டும் செய்திருப்பார்கள். எது பிடித்ததென்று யாருக்கும் தெரியாது. அதனால் போனை வைக்கும் முன் கேட்டுவிட வேண்டும்: “கடைசியா எதைச் செஞ்சீங்கண்ணே?”