பெயரில்லாத காற்று

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகமும், ஐப்பசி கழிந்ததும் வடகிழக்கிலிருந்து வரும் வாடையும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாழ்க்கையைப் பெருமளவுக்கு ஒழுங்குபடுத்தி வைத்திருக்கின்றன. எந்தப் பக்கத்து யன்னலைச் சாத்துவது, எந்தப் பக்கத்து வேலிக்கு முதலில் கிடுகு மாற்றுவது, எந்த மாதத்தில் எந்தக் கரையிலிருந்து வள்ளம் இறக்குவது என்பதெல்லாம் இந்த இரண்டு காற்றுகளையும் பார்த்துத்தான் முடிவாகின்றன. நான் எழுத நினைப்பது இந்த ஒழுங்குக்குள் அடங்காமல் வருகின்ற காற்றுகளைப் பற்றி. அவற்றிலும், செய்தியில் பெயர் சொல்லப்படாமல் வந்து போகிற காற்றைப் பற்றி.

பெரும் புயல்களை எங்கள் குடும்பத்தில் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அம்மம்மா இருந்தவரை, 1964 டிசெம்பர் 22ஆம் திகதி இரவைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவில்லை. தனுஷ்கோடியை அழித்த அந்தப் புயல் இலங்கையின் வடபகுதியை ஊடறுத்துச் சென்றே பாக்குநீரிணையை அடைந்தது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலேறிப் போன தலைமுறைக்கு அந்தத் துறை அன்றோடு இல்லாமற் போயிற்று. என் காலத்தில் வந்தது நிஷா, 2008 நவம்பரில். அப்போது போர் நடந்துகொண்டிருந்தது, குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டிருந்தது. நாங்கள் சுவருள்ள வீட்டுக்குள் நின்று முழங்காலளவு வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில், வன்னியில் இடம்பெயர்ந்திருந்த எங்கள் உறவினர்கள் தறப்பாளின் கீழ் அந்த மழையை முழுதாக வாங்கினார்கள். அதை நினைக்காமல் நிஷாவைப் பற்றி என்னால் பேச முடிவதில்லை.

பருத்தித்துறையில் கடற்றொழில் செய்த பெரியப்பா எனக்குச் சொல்லித் தந்த ஒன்றை இங்கே எழுதிவைக்க வேண்டும். புயல் நேரத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், புயலின் மையம் எங்கள் இடக்கைப் பக்கத்தில் இருக்கும். பூமத்திய கோட்டுக்கு வடக்கே புயல்கள் மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வதால் இது பொருந்துகிறது என்பதை நான் பின்னர்தான் படித்து அறிந்தேன். பெரியப்பா படிக்காமலே அறிந்திருந்தார். 2018 நவம்பரில் கஜா வேதாரணியத்தை நெருங்கிக் கரையேறியபோது மையம் எங்களுக்கு வடக்கே இருந்தது, காற்று மேற்குப் பக்கத்திலிருந்து அடித்தது. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரையேறி மன்னார்ப் பக்கமாக நகர்ந்தபோது மையம் தெற்கே இருந்தது. காற்று கிழக்கிலிருந்து கடல் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, குடாநாட்டை மழையில் மூழ்கடித்தது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத, கடல் மட்டத்திலிருந்து அதிகம் உயராத எங்கள் நிலத்தில், பெய்த மழைக்கு வெளியேற வழி குறைவு. வெள்ளம் கிணற்றுக்கட்டைத் தாண்டிவிட்டால், மலசலகூடக் குழியின் நீரும் குடிக்கும் நீரும் கலந்துவிடும். பிறகு கிணற்றை இறைத்துக் குளோரின் இட்டு, பல நாட்கள் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டியிருக்கும். காற்றை விட இந்தத் தண்ணீரே எங்களை நீண்ட காலம் வருத்துகிறது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா, காற்றால் அன்றி மண்சரிவாலும் வெள்ளத்தாலும் மலையகத்தில் எத்தனை குடும்பங்களை எடுத்துச் சென்றது என்பதை நாடே பார்த்தது.

இவையெல்லாம் சொல்லிவிட்டு வருகின்ற ஆபத்துகள். வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவானதிலிருந்து அது எங்களை அடைவதற்குள் பெரும்பாலும் சில நாட்கள் கிடைக்கின்றன. வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா எழுதும் குறிப்புகள் கைபேசிக்குக் கைபேசி போகின்றன. பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள காரைக்கால் வானிலை ரேடாரின் படத்தையும் எங்கள் ஊர் இளைஞர்கள் பார்க்கப் பழகிவிட்டார்கள். அரிசி, மண்ணெண்ணெய், மெழுகுதிரி வாங்கி வைக்கவும், ஆட்டைக் கொட்டிலிலிருந்து மாற்றிக் கட்டவும் நேரம் இருக்கிறது.

ஊரில் மினி சூறாவளி என்று சொல்லப்படும் காற்று அந்த நேரத்தைத் தருவதில்லை. அது பெரும்பாலும் பருவமழைக்கு வெளியே, பங்குனி, சித்திரையிலும் புரட்டாதி, ஐப்பசியிலும், காலையெல்லாம் அனல் பறந்த நாளின் பிற்பகலில் வருகிறது. நிலம் சூடேறி, இரு கரைகளிலிருந்தும் உள்ளே வரும் கடற்காற்றுகள் சந்திக்கும் இடத்தில் முகில் கோபுரம்போல எழுகிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சித்திரை மாதப் பிற்பகலில் நான் அதற்குள் நின்றேன். நீர்வேலிப் பக்கம் எங்கள் உறவினரின் வாழைத்தோட்டத்துக்குப் போயிருந்தேன். தெற்கே வானம் கருநீலமாகி, அதுவரை புழுங்கிக்கொண்டிருந்த வெளியில் திடீரென்று குளிர்ந்த காற்றொன்று வந்து முகத்தில் பட்டது. எல்லாரும் ஆறுதலாக மூச்சு விட்டோம். மாமி மட்டும், "பிள்ளை, மாமரத்துக்குக் கீழே நிக்காதே, உள்ளுக்கு வா" என்று கத்தினார். நாங்கள் விறாந்தையைத் தாண்டி உள்ளறைக்குள் போவதற்குள் அடுப்படியின் கூரைச் சீற்றுகள் எழுந்து பறந்தன. மழையும் மண்ணும் கலந்து, முற்றத்தில் நின்ற கிணறு கண்ணுக்குத் தெரியவில்லை. பத்து நிமிடத்துக்குள் எல்லாம் ஓய்ந்து வெயிலும் வந்துவிட்டது.

வெளியே வந்து பார்த்தபோது, குலை தள்ளி வெட்டுக்குக் காத்திருந்த கப்பல் வாழைகள் ஏறக்குறைய அனைத்தும் வடக்கு நோக்கிப் படுத்திருந்தன. அந்த ஒழுங்கு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. நிலத்தைத் தொட்டுச் சுழன்று செல்லும் உண்மையான சுழற்காற்று மரங்களை வெவ்வேறு திசைகளில் முறுக்கி வீசும். இடிமுகிலுக்குள் மழையால் குளிர்ந்து கனத்த காற்று மொத்தமாகக் கீழே விழுந்து, நிலத்தில் மோதி விரியும்போது, அது பாய்கிற பக்கம் எல்லாவற்றையும் ஒரே திசையில் சாய்க்கும். நாங்கள் ஆறுதல் என்று நினைத்த அந்தக் குளிர்காற்றே அதன் முன்விளிம்பு. எங்கள் தோட்டத்தில் நடந்தது இரண்டாவது வகை என்றே நான் முடிவு செய்தேன். இரண்டுக்கும் செய்தித்தாளில் ஒரே பெயர்தான் கிடைக்கிறது. "மினி சூறாவளி, வீடுகள் சேதம்" என்று மூன்று வரி வந்து மறைந்துவிடுகிறது. ஓராண்டு உழைப்பை இழந்த தோட்டக்காரருக்கு அந்த மூன்று வரி போதாது.

கனடாவில் மார்க்கத்தில் வசிக்கும் என் தங்கை 2022 மே 21ஆம் திகதி அழைத்து, தன் கைபேசி அலறியதையும், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நிலக்கீழ் அறைக்கு ஓடியதையும் நடுக்கத்தோடு சொன்னாள். அன்று ஒன்ராறியோவைக் குறுக்காகக் கடந்த இடிமழைக் காற்று, அவளுடைய வீட்டுக்கு வடக்கேயுள்ள அக்ஸ்பிரிட்ஜில் ஒரு சுழற்காற்றையும் உருவாக்கியிருந்தது. அதன் வலிமையை, சுழற்காற்றுகளைப் பூச்சியம் முதல் ஐந்து வரை தரப்படுத்தும் புஜிதா அளவுத்திட்டத்தின் திருத்திய வடிவில் இரண்டாம் தரம் என்று ஆய்வாளர்கள் பின்னர் மதிப்பிட்டார்கள். விழுந்து கிடந்தவற்றைப் பார்த்தே அவ்வாறு மதிப்பிடுகிறார்கள், ஏனெனில் அந்தக் காற்றை நேராக அளப்பதற்கு அந்த இடத்தில் கருவி இருப்பது மிக அரிது. அன்று இறந்தவர்களில் பெரும்பாலானோர் மரங்கள் விழுந்தே இறந்தார்கள் என்று அவள் சொன்னபோது மாமியின் குரல்தான் எனக்குக் கேட்டது.

சுண்ணாம்புக்கல்லும் அதற்குள் நிலத்தடி நீரும் கிடக்கிற எங்கள் மண்ணில் நிலக்கீழ் அறை கட்டுவது இலகுவான காரியமல்ல. எங்களிடம் இருப்பது நடுவறை, யன்னலில்லாத சுவர், கட்டுறுதியான கொங்கிறீற் கூரையுள்ள அயல்வீடு ஆகியவைதான். எனவே கருமுகிலும் குளிர்காற்றும் ஒன்றாக வந்தால் தகரக் கொட்டிலையும் மரத்தடியையும் விட்டு உள்ளே போக வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆழிப்பேரலைக்குப் பிறகு கடல் பின்வாங்கினால் ஓட வேண்டும் என்பதை எங்கள் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள், இதையும் கற்றுக்கொள்வார்கள். இடர் முகாமைத்துவ மத்திய நிலையத்தின் 117 என்ற இலக்கம் எல்லா வீட்டுச் சுவரிலும் இருக்கட்டும். சீற்றுகளைக் கொக்கிகளால் இறுக்குவதும், கூரைக்கு மேல் படர்ந்த முருங்கைக் கொப்பையும் மாங்கொப்பையும் பங்குனிக்கு முன்னர் ஒரு தடவை, ஐப்பசிக்கு முன்னர் ஒரு தடவை வெட்டுவதும் பெரிய செலவில்லாத வேலைகள்.

இதை வாசிக்கும் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவக மக்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஊரில் இத்தகைய காற்று அடித்தால், ஆட்களைப் பார்த்து, அறுந்து விழுந்த மின்கம்பியை விட்டு விலகி நின்று, எல்லாரும் பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, மரங்களைத் தறித்து அகற்றுவதற்கு முன்னரே அவை எந்தத் திசையில் விழுந்து கிடக்கின்றன என்பதைப் படமெடுத்து வையுங்கள். அன்றைய திகதி, நேரம், ஊர், முகில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, குளிர்காற்று பட்டு எவ்வளவு நேரத்தில் பலத்த காற்று வந்தது என்பவற்றையும் எழுதி, உங்கள் கிராம அலுவலரிடம் ஒரு பிரதியும் பல்கலைக்கழகப் புவியியற்றுறைக்கு ஒரு பிரதியும் கொடுங்கள்.