க்யூட்டி 6-ஐ போர்டில் ஏற்றுவதற்குள்: பில்ட் கொடுக்கும் முன் அந்தச் சுருக்கத்தைப் படியுங்கள்

கருப்புத் திரை, மூலையில் ஒரு கர்சர். அங்கிருந்து தொடங்கி, முழுத்திரையில் ஒரு வட்ட மீட்டரின் முள் சீராக நகரும் நிலைக்கு வந்து சேர எனக்கு நான்கு நாள் பிடித்தது. அதில் மூன்று நாள் ஒரே காரணத்தால் போனது. க்யூட்டி என்பது திரையில் தெரியும் அப்ளிகேஷன்களை எழுத உதவும் மென்பொருள் கட்டமைப்பு. அதைக் கம்பைல் செய்யும் முன் (அதுதான் பில்ட்), எந்தெந்த வசதி இருக்கிறது என்று சோதிக்கும் கட்டம் கன்ஃபிகர். அது முடிந்ததும் டெர்மினலில் ஒரு நீளமான சுருக்கம் ஓடுமே, எது எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று, அதை நான் படிக்காமல் நேராக பில்ட் கொடுத்துவிட்டேன். இந்தப் பதிவை எழுதுவதே அதைச் சொல்லத்தான். மற்றதெல்லாம் கூடவே வருகிறது.

வேலை இதுதான்: ராஸ்பெரி பை 4 போர்டு, 7 அங்குலத் தொடுதிரை, ஒரு இயந்திரத்தின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் காட்டும் பேனல். டெஸ்க்டாப் எதுவும் வேண்டாம், போர்டுக்கு மின்சாரம் வந்ததும் எங்கள் அப்ளிகேஷன் மட்டும் முழுத்திரையில் வர வேண்டும். போர்டில் இருப்பது டெபியன் 11 அடிப்படையிலான 64 பிட் ஓஎஸ். சென்சார் பக்கத்து வேலைகள் எல்லாம் அதில்தான் சோதித்து முடித்திருந்ததால் அதை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. அதில் ஆப்ட் என்ற நிறுவும் கருவி மூலம் நேராகக் கிடைப்பது க்யூட்டி 5.15. உங்களுக்கு அது போதுமென்றால் தயவுசெய்து அதையே நிறுவிக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எனக்கு 6.5 வேண்டியிருந்தது, ஏனென்றால் பேனலின் கியூஎம்எல் (க்யூட்டியில் திரையை விவரிக்கும் மொழி) நிரல் முழுவதும் 6-க்காக எழுதியது.

போர்டிலேயே கம்பைல் செய்யலாம்தான். ஆனால் க்யூட்டி பெரியது, போர்டின் நினைவகம் சிறியது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது. அதனால் கிராஸ் கம்பைல். அதாவது என் கணினியில் கம்பைல் செய்து, வருவதை போர்டில் கொண்டுபோய் வைப்பது.

க்யூட்டி 6-இல் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம், நீங்கள் க்யூட்டியை இரண்டு முறை கட்டப்போகிறீர்கள். ஒன்று ஹோஸ்ட், அதாவது உங்கள் கணினிக்கானது. இன்னொன்று டார்கெட், போர்டுக்கானது. ஹோஸ்ட் எதற்கு என்றால், கம்பைல் நடக்கும்போதே மோக், ஆர்சிசி, கியூஎஸ்பி மாதிரியான க்யூட்டியின் சொந்தக் கருவிகள் ஓடியாக வேண்டும், போர்டின் ஆர்ம் செயலிக்கான பைனரியை உங்கள் கணினி ஓட்டாது. டார்கெட் பில்டுக்கு ஹோஸ்ட் எங்கே இருக்கிறது என்று க்யூட்டி ஹோஸ்ட் பாத் என்ற மாறியில் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே பதிப்பாக இருக்கட்டும்.

மாட்யூல்களின் வரிசை முக்கியம். முதலில் க்யூட்டிபேஸ், அடுத்து க்யூட்டிஷேடர்டூல்ஸ், அதற்கப்புறம் க்யூட்டிடிக்ளரேட்டிவ். நான் ஷேடர்டூல்ஸ் என் பேனலுக்கு எதற்கு என்று நினைத்து விட்டுவிட்டேன். டிக்ளரேட்டிவ் எந்தப் பிழையும் இல்லாமல் கம்பைல் ஆனது, இன்ஸ்டாலும் ஆனது. ஆனால் உள்ளே, திரையில் வரையும் பகுதியான க்யூட்டி குவிக் இல்லை, கியூஎம்எல் இன்ஜின் மட்டும்தான் இருந்தது! குவிக்கின் ஷேடர்களை, அதாவது ஜிபியுவில் ஓடும் சிறு வரைநிரல்களை, தயார் செய்வது ஷேடர்டூல்ஸ்தான், அது கிடைக்காவிட்டால் குவிக் பகுதியை அது அப்படியே தாண்டிப் போய்விடும், கம்பைல் நிற்காது. தாண்டிப் போன தகவல் கன்ஃபிகர் ஓடியபோதே திரையில் வந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை.

சரி, சிஸ்ரூட்டுக்கு வருவோம். மொத்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. போர்டில் இருக்கும் லைப்ரரிகளையும் ஹெட்டர் கோப்புகளையும் அப்படியே உங்கள் கணினியில் ஒரு கோப்புறைக்குள் நகலெடுத்து வைப்பதுதான் சிஸ்ரூட். நகலெடுக்கும் முன், போர்டில் வரைகலை, கருவிகள், உள்ளீடு, எழுத்துரு ஆகியவற்றுக்கான டெவலப்மென்ட் பேக்கேஜ்களை நிறுவியிருக்க வேண்டும்: ஈஜிஎல், ஜிஎல்இஎஸ் 2, ஜிபிஎம், டிஆர்எம், யூடெவ், லிப்இன்புட், எக்ஸ்கேபிகாமன், ஃபான்ட்கான்ஃபிக். இதில் ஒன்றை மறந்தாலும் பில்ட் பெரும்பாலும் நிற்காது. அந்த வசதி இல்லாத ஒரு க்யூட்டி உங்களுக்குக் கிடைக்கும், அவ்வளவுதான். ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியை வைத்து லிப், யூஎஸ்ஆர் லிப், யூஎஸ்ஆர் இன்க்ளூட் மூன்றையும் இழுத்துக்கொண்டேன்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, இதைக் கிட்டத்தில் காட்ட விரும்புகிறேன். டெபியன் 11-இல் யூஎஸ்ஆர் லிப் கோப்புறைக்குள் லிப்டிஎல் என்று ஒரு சிம்லிங்க் (இன்னொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) இருக்கும். அது காட்டும் முகவரி ரூட்டிலிருந்து, முன்னால் ஒரு சாய்கோட்டோடு தொடங்கும். போர்டில் அது சரியான இடத்தைத்தான் காட்டும். அதே லிங்க்கை நகலெடுத்து என் கணினியில் சிஸ்ரூட் கோப்புறைக்குள் வைத்தால், அது சிஸ்ரூட்டுக்குள் தேடாது, என் கணினியின் ரூட்டுக்கு ஓடும். அங்கே ஆர்ம் லைப்ரரி இருக்காது. லிங்க் உடைந்தது. எல்எஸ் கட்டளையில் அந்த வரி சிவப்பாகத் தெரிந்தபோதுதான் எனக்கு விளங்கியது. இப்படி ஒன்று இரண்டு இல்லை, நிறைய இருந்தன. ரூட்டிலிருந்து தொடங்கும் லிங்க்குகள் அனைத்தையும், இருக்கும் இடத்திலிருந்து மேலே ஏறிப் போகும் லிங்க்குகளாக மாற்ற வேண்டும். இதற்கென்றே ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் இணையத்தில் பரவலாகக் கிடைக்கிறது. நானே எழுதினேன், பத்து வரிதான்.

அடுத்தது டூல்செயின் கோப்பு. பில்டை ஒழுங்குபடுத்தும் சிமேக்குக்கு எந்தக் கம்பைலர், எந்த சிஸ்ரூட், எதை எங்கே தேடலாம், எங்கே தேடக்கூடாது என்று சொல்லும் கோப்பு இது. லைப்ரரியையும் ஹெட்டரையும் சிஸ்ரூட்டுக்குள் மட்டும் தேடு, ஓட்ட வேண்டிய நிரல்களை மட்டும் அங்கே தேடாதே என்று அதில் எழுத வேண்டும். கூடவே, லைப்ரரிகள் எங்கே என்று சொல்லும் பிகேஜி கான்ஃபிக்கின் தேடும் பாதையையும் சிஸ்ரூட்டுக்குத் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது என் கணினியின் பேக்கேஜ்களைப் பார்த்துவிட்டு 'இருக்கிறது' என்று பதில் சொல்லும், லிங்க் செய்யும்போது குட்டு வெளிப்படும்.

ப்ரீஃபிக்ஸ், எக்ஸ்ட்ப்ரீஃபிக்ஸ் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ப்ரீஃபிக்ஸ் என்பது க்யூட்டி போர்டில் எந்தப் பாதையில் இருக்கப்போகிறதோ அது. எக்ஸ்ட்ப்ரீஃபிக்ஸ் என்பது உங்கள் கணினியில் எந்தக் கோப்புறையில் இன்ஸ்டால் ஆகிறதோ அது. பிறகு அந்தக் கோப்புறையில் உள்ளதை போர்டில் ப்ரீஃபிக்ஸ் பாதைக்கு நகலெடுப்பீர்கள்.

இப்போது அந்தச் சுருக்கம். முதல் முறை நான் இதையெல்லாம் முடித்து, கன்ஃபிகர் ஓட்டி, பிழை ஏதும் இல்லை என்று பார்த்ததும் பில்டை ஓட்டும் நிஞ்சாவைத் தட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பில்ட் முடிந்திருந்தது. போர்டில் ஏற்றி, பிளாட்ஃபார்ம் ஈஜிஎல்எஃப்எஸ் என்று சூழல் மாறியில் வைத்து ஓட்டினேன். அப்படி ஒரு பிளகின் இல்லை என்றது. இருப்பவை லினக்ஸ்எஃப்பி, மினிமல், ஆஃப்ஸ்கிரீன், விஎன்சி என்று பட்டியலும் கொடுத்தது. டெஸ்க்டாப் இல்லாமல் ஜிபியுவோடு நேராகப் பேசித் திரையில் வரைவது ஈஜிஎல்எஃப்எஸ்தான், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான், அது மட்டும் இல்லை.

கன்ஃபிகர் பதிவை மேலே உருட்டிப் பார்த்தேன். ஈஜிஎல்எஃப்எஸ், அதற்கு நேரே 'நோ'. இரவே அந்த வரி அங்கே இருந்திருக்கிறது. சிமேக்கின் எரர் லாக்கைத் திறந்தால், சோதனை நிரல்கள் ஒவ்வொன்றாக லிங்க் ஆகாமல் தோற்றிருந்தன, காரணம் நான் மேலே சொன்ன உடைந்த சிம்லிங்க்குகள். அவற்றைச் சரிசெய்து மறுபடி கன்ஃபிகர் ஓட்டினேன், அப்போதும் 'நோ'! சிமேக் பழைய சோதனை முடிவுகளைக் கேஷில் வைத்திருந்தது. சிஸ்ரூட்டில் எதை மாற்றினாலும் பில்ட் கோப்புறையை முழுதாக அழித்துவிட்டுத் தொடங்குங்கள், பாதியை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அழித்துவிட்டு ஓட்டியதும் ஈஜிஎல்எஃப்எஸ் 'யெஸ்' ஆனது. ஆனால் இன்னும் கீழே, ஈஜிஎல்எஃப்எஸ் விவரங்கள் என்ற பகுதியில், ஜிபியுவுக்கான நினைவகத்தை ஒதுக்கும் ஜிபிஎம் 'நோ' என்று இருந்தது. அந்த வரியில் கண் பட்டது நல்லதாயிற்று. பை 4-இல் ஈஜிஎல்எஃப்எஸ் வேலை செய்வது ஜிபிஎம் வழியாகத்தான், அது இல்லாமல் பில்ட் செய்திருந்தால் இன்னொரு இரவு போயிருக்கும். போர்டில் ஜிபிஎம் டெவலப்மென்ட் பேக்கேஜை நிறுவ மறந்திருந்தேன். இப்போதெல்லாம் ஓப்பன்ஜிஎல் இஎஸ் 2 யெஸ், டெஸ்க்டாப் ஓப்பன்ஜிஎல் நோ, ஈஜிஎல்எஃப்எஸ் யெஸ், ஜிபிஎம் யெஸ், லிப்இன்புட் யெஸ், ஃபான்ட்கான்ஃபிக் யெஸ், இந்த ஆறையும் விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் நிஞ்சா.

அப்புறமும் ஒரு தடை வந்தது. போர்டில் ஓட்டியதும், எல்லா நிரல்களுக்கும் அடிப்படையான சி லைப்ரரி ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை என்று நின்றது. என் கணினியில் இருப்பது உபுண்டு 22.04, அதன் ஜிலிப்சி 2.35. போர்டின் டெபியன் 11-இல் 2.31. கிராஸ் கம்பைலர் தன்னோடு வந்த புதிய ஜிலிப்சியைத் தொட்டு லிங்க் செய்திருக்கிறது, சிஸ்ரூட் கொடுத்தும்கூட. 2.34-இல் பித்ரெட் என்ற த்ரெட் லைப்ரரியை மெயின் லைப்ரரிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள், நிரலைத் தொடங்கிவைக்கும் சிம்பலுக்கும் அதில் புதிய பதிப்பு எண் வந்தது, அதனால்தான் இந்த எண் இவ்வளவு பேருக்குத் தட்டுப்படுகிறது. பாதைகளோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு விட்டேன். ஒரு டாக்கர் கன்டெய்னரில் (கணினிக்குள் தனியாக ஓடும் ஓஎஸ் சூழல்) டெபியன் 11-ஐ எடுத்து, அதன் கிராஸ் கம்பைலரை நிறுவி, ஹோஸ்ட், டார்கெட் இரண்டையும் அதற்குள்ளேயே மறுபடி கட்டினேன். அதில் வரும் சிமேக் 3.18, க்யூட்டி 6.5-க்கு அது போதும். போர்டில் எந்த ஓஎஸ்ஸோ, கன்டெய்னரிலும் அதே ஓஎஸ். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் இரவு பிளகின் கிடைத்தது, ஆனால் திரை இல்லை என்றது. பை 4-இல் டிஆர்எம் (கெர்னலின் வரைகலைப் பகுதி) கருவிகள் இரண்டு: ஒன்று முப்பரிமாணம் வரைவதற்கு, மற்றொன்று திரையில் காட்டுவதற்கு. க்யூட்டி வரைவதற்கான கார்டு 0-ஐப் பிடித்துக்கொண்டு திரையைத் தேடியது. ஒரு சின்ன ஜேசான் கோப்பில் கார்டு 1 என்று எழுதி, கேஎம்எஸ் கான்ஃபிக் மாறியில் அதன் பாதையைக் கொடுத்ததும் மீட்டர் வந்தது. எண்கள் இல்லாமல், வெறும் முள்ளும் வட்டமும். போர்டில் ஒரு எழுத்துரு கூட இல்லை, க்யூட்டி தன்னோடு எழுத்துரு கொண்டுவருவதில்லை. நோட்டோ சான்ஸ் தமிழையும் சேர்த்து ஏற்றினேன். 'வெப்பநிலை' என்று வந்ததைப் பார்த்து, ஒற்றைக்கொம்பும் இணைக்கொம்பும் தத்தம் எழுத்துக்கு முன்னால் சரியாக நிற்பதைப் பார்த்து, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எழுத்தின் அளவுதான் ஒத்துவரவில்லை. திரை எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியாவிட்டால் க்யூட்டி ஒரு அனுமானத்தில் எழுத்தின் அளவைக் கணக்கிடும். ஸ்கேலை வைத்து அளந்தேன், அகலம் 155, உயரம் 86. இரண்டையும் பிசிகல் விட்த், பிசிகல் ஹைட் மாறிகளில் கொடுத்ததும் சரியாகிவிட்டது. பேனலைத் தலைகீழாகப் பொருத்தியிருந்ததால் படத்தைத் திருப்பியிருந்தேன், தொடுதல் திரும்பவில்லை, மேலே தொட்டால் கீழே இருக்கும் பொத்தான் அழுந்தியது. லினக்ஸின் எவ்டெவ் என்ற உள்ளீட்டு வழியின் தொடுதிரை அமைப்பில் 180 பாகை என்று கொடுத்தும் பலனில்லை, காரணம் லிப்இன்புட் என்ற உள்ளீட்டு லைப்ரரி இருந்தால் ஈஜிஎல்எஃப்எஸ் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். லிப்இன்புட் வேண்டாம் என்று ஒரு மாறியை வைத்த பிறகுதான் அந்த 180 வேலை செய்தது.

விற்கும் பொருளில் இதைப் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் க்யூட்டியின் பெரும்பகுதி எல்ஜிபிஎல் 3 உரிமத்தில் இருக்கிறது. வாங்குகிறவர் தன் கருவியில் க்யூட்டி லைப்ரரியை மாற்றிப் போட்டுக்கொள்ள அந்த உரிமம் இடம் கேட்கிறது. பூட்டிய ஃபர்ம்வேரோடு விற்க நினைத்தால் முதலிலேயே யோசியுங்கள். சார்ட்ஸ், விர்ச்சுவல் கீபோர்டு இரண்டும் இலவசப் பதிப்பில் ஜிபிஎல் 3 மட்டுமே, எல்ஜிபிஎல் இல்லை. பேனலின் வரைபடத்துக்கு நான் சார்ட்ஸை எடுக்காமல் கேன்வாஸில் நானே வரைந்தது அதனால்தான்.

போர்டு இப்போது என் மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. சிஸ்ரூட்டையும் கன்டெய்னரையும் டூல்செயின் கோப்பையும் ஒன்றாகச் சுருக்கி, அந்தக் கன்ஃபிகர் சுருக்கத்தையும் ஒரு உரைக்கோப்பாக அதற்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த முறை கட்டும்போது புதிய சுருக்கத்தை இதோடு டிஃப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன்.