சாத்திய சன்னல்களுக்குள்

நவம்பர் பிறந்ததும் தில்லியில் சன்னல்களைச் சாத்திவிடுகிறோம். சாத்திய வீட்டுக்குள் நாமே உண்டாக்கும் புகையைப் பற்றி, மயூர் விஹாருக்குக் குடிவந்த பின் பல ஆண்டுகள் நான் எண்ணிப் பார்த்ததில்லை. அம்மாவுக்கு இரவு இருமல் நிற்காமல் வந்தபோதுதான் நுண்துகளை அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கினேன். மிளகாய் தாளிக்கும்போதும், சாம்பிராணி போடும்போதும், கொசுவர்த்தி ஏற்றும்போதும் அதன் எண்கள் மளமளவென ஏறின. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து வெளியிடும் பிஎம் 2.5 எனப்படும் மிக நுண்ணிய துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு இணையானது என்று 2003இல் வெளியான ஆய்வொன்று கூறுவதைப் படித்த அன்றே கொசுவலைக்கு மாறினோம்.

வீட்டுக்குள் வைக்கும் செடிகள் காற்றைத் தூய்மையாக்கும் என்று நம்பியும் ஏமாந்தோம். அந்த நம்பிக்கைக்குச் சான்றாகக் காட்டப்படும், 1989இல் நாசா செய்த ஆய்வு, மூடிய சிறு அறைகளில் சில வாயுக்களை அளந்ததே தவிர, காற்று வந்து போகும் வீட்டை அளந்ததன்று.

பயன் தந்தது, காற்றிலுள்ள நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்திய காற்றுத் தூய்மைக் கருவிதான். 0.3 மைக்ரான் துகள்களில் குறைந்தது 99.97 சதவீதத்தைப் பிடிப்பதே அந்த வடிகட்டியின் தர அளவு. வாயுக்களுக்குத் தனியே கரி வடிகட்டி வேண்டும். அறையின் பரப்புக்குச் சிறியதான தூய்மைக் கருவியை வாங்குவது வீண்செலவு என்பதே என் கருத்து. ஓசோனை வெளியிடும் கருவிகளை அறவே தவிர்க்க வேண்டும், ஏனெனில் ஓசோன் நுரையீரலையே தாக்கும். மூடிய அறையில் கரியமில வாயு சேருமாதலால், வெளியே புழுதி சற்றுத் தணியும் பிற்பகலில் அரைமணி நேரம் சன்னலைத் திறக்கிறோம். சமையலறைப் புகைபோக்கி விசிறியோ, தாளிப்பதற்கு முன்பே சுழலத் தொடங்கிவிடுகிறது.