ஸ்க்ரப் பண்ண ஆள் வேண்டும்

11 நவம்பர் 2024, திங்கள்

சீனியர் சிஸ்டருக்கு இன்று கடைசி டியூட்டி. பதினொரு வருடம் இதே ஆபரேஷன் தியேட்டரில் நின்றவர். ஸ்க்ரப், அதாவது கை கழுவி டாக்டர் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கும் வேலையை, எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். அடுத்த வாரம் சவுதிக்கு ஏறுகிறார். ஏஜெண்டிடம் லட்சக்கணக்கில் கட்டி ஏமாந்த கதைகளை நிறையக் கேட்டிருப்பதால், 1978இல் அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகவே போகிறார். வளைகுடா போன்ற 18 நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு அமைப்புகள்தான் அனுப்ப வேண்டும் என்று 2015இல் மத்திய அரசு உத்தரவு போட்டது நல்லதாகப் போயிற்று.

அவர் கடைசியாக வாங்கிய சம்பளம் 17,000. உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016இலேயே சொல்லிவிட்டது. எங்களுடையது 40 படுக்கை. எட்டு வருடம் ஆகியும் அந்தத் தொகை எங்கள் தண்டையார்பேட்டைக்கு வந்து சேரவில்லை. அரசு வேலைக்குப் போயிருக்கலாமே என்பார்கள். என்னோடு படித்தவள் 2015இல் எம்.ஆர்.பி. என்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகச் சேர்ந்தாள், மாதத் தொகுப்பூதியம் 7,700. 2017இல் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். என்கிற மருத்துவத் துறை அலுவலக வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் அவளும் ஒருத்தி.

அக்காவின் பச்சைச் செருப்பு ரேக்கிலேயே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

14 நவம்பர், வியாழன்

இரண்டு டேபிளுக்கு மூன்று பேர். டேபிளுக்கு ஒரு நர்ஸ் போதாதா என்று ஆபீஸில் கேட்கிறார்கள். போதாது. கை கழுவி, கவுன், கிளவுஸ் போட்டு நிற்பவள் ஸ்டெரைல் அல்லாத எதையும் தொட முடியாது. நூல் பிரித்துக் கொடுக்க, மாப் (ரத்தம் ஒற்றும் துணி) எண்ண, ரத்தத்துக்குப் போன் பண்ண, சக்ஷனைச் சரிபார்க்க இன்னொருத்தி வெளியே நிற்க வேண்டும். ஒருத்தி லீவு போட்டால் ஒரு டேபிளே நின்றுவிடும்.

அதனால் டியூட்டிக் கணக்கில் நர்ஸ் அனுப்பும் ஏஜென்சிக்குச் சொல்லி, இன்று ஒரு பெண் வந்தாள். திருவண்ணாமலைப் பக்கம், 23 வயது, பி.எஸ்சி. நர்சிங். பழைய வண்ணாரப்பேட்டை ஹாஸ்டலில் ஆறு பேரோடு ஒரு அறையில் இருக்கிறாளாம். பேப்பரில் ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) அனுபவம் ஒரு வருடம் என்று இருந்தது. டிரெஸ்ஸிங் ரூமில் கதவைச் சாத்திவிட்டு, "அக்கா, நான் ஸ்க்ரப் பண்ணதே இல்ல. ஐ.சி.யூ.லதான் இருந்தேன். ஓ.டி. தெரியும்னு சொல்லச் சொன்னாங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது.

பொய்யை எழுதிக் கொடுத்தவர் வேறு, அதைச் சுமந்துகொண்டு என் முன்னால் நிற்பவள் வேறு. சரி, இன்றைக்குச் சும்மா நின்று பார் என்றேன். ஆயாம்மா என்னிடம் வந்து, "இன்னா சிஸ்டர், பொண்ணு கை ஒரே நடுக்கமா கீது" என்று கவலைப்பட்டார்.

16 நவம்பர், சனி

கேஸ் முடிந்ததும் கருவி செட்டைப் பிரித்து வைத்து ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். ஆர்ட்டரி, ஆலிஸ், பேப்காக், டீவர். பேர் ஒரு நாளில் வந்துவிடும், கைக்குப் பழகத்தான் மாதக்கணக்காகும். டாக்டர் கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டுவார். எந்தப் பக்கம் பிடி, எந்தப் பக்கம் முனை என்று யோசிக்காமல் உள்ளங்கையில் வைக்க வேண்டும். இதற்கென்றே பி.எஸ்சி.க்கு மேல் ஒரு வருட டிப்ளமா இருக்கிறது. சம்பளத்தை விட்டுவிட்டு ஒரு வருடம் யாரால் படிக்க முடியும்? அதனால்தான் தியேட்டரிலேயே ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டு வருகிறோம். சொல்லிக் கொடுப்பவர் போய்விட்டால் அந்தப் பாடமும் அவரோடு போய்விடுகிறது.

எங்கள் மருத்துவமனை ஒரு டியூட்டிக்கு ஏஜென்சிக்குக் கொடுப்பது 1,400. அவள் கைக்கு வருவது 800. பி.எஃப். கிடையாது. மாதம் 26 டியூட்டி என்று போட்டுப் பார்த்தேன், 36,400. இதில் பாதியைக் கூட்டிக் கொடுத்திருந்தால்கூட அக்கா போயிருக்க மாட்டார்.

21 நவம்பர், வியாழன்

சிசேரியன். நான் ஸ்க்ரப், அவள் வெளியே. போர்டில் அவள் கையெழுத்தில் "மாப் 10". குழந்தை வந்து அழுதுவிட்டது. முதுகில் ஊசி என்பதால் அம்மா முழித்துக்கொண்டு, "யாரு மாதிரி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மூடுவதற்கு முன் எண்ணினோம். ஒன்பது. மறுபடி எண்ணினோம், ஒன்பதுதான். எழுதும்போது தப்பாகியிருக்கும், குளோஸ் பண்ணலாம் என்றார் டாக்டர் மேடம். அடுத்த கேஸ் வெளியே காத்திருந்தது. அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில், "இல்ல மேடம். பத்து எண்ணிதான் எழுதினேன்" என்றாள்.

மேடம் கையை நிறுத்தினார். வயிற்றுக்குள் ஒரு சுற்று பார்த்தோம், இல்லை. அவள் முட்டி போட்டு பக்கெட்டைக் கவிழ்த்தாள், டேபிளுக்கு அடியில் பார்த்தாள். கடைசியில் நஞ்சுக்கொடி வைத்த பேசினுக்குள் கையை விட்டாள். அடியில் ரத்தத்தில் ஊறி, அதே நிறமாகி, ஒட்டிக் கிடந்தது பத்தாவது மாப். இரண்டு விரலால் வால்நாடாவைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். கை நடுங்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த செக்லிஸ்ட்டிலும் நோயாளி வெளியே போகும் முன் இந்த எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. தாள் எல்லா தியேட்டரிலும் ஒட்டியிருக்கிறது. மேடத்திடம் "இல்லை" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

27 நவம்பர், புதன்

அவள் வரவில்லை. ஏஜென்சிக்குப் போன் போட்டால், அண்ணா நகரில் ஒரு மருத்துவமனை அதிகமாகத் தருகிறதாம், அங்கே போட்டுவிட்டார்களாம். "இப்ப அவங்களுக்கு நல்ல ஓ.டி. எக்ஸ்பீரியன்ஸ் இருக்குல்ல மேடம்" என்றார் அந்தப் பையன். அந்த எக்ஸ்பீரியன்ஸ் இரண்டு வாரம் கேஸ் முடிந்த பிறகு நான் உட்கார்ந்து கொடுத்தது. நாங்களே நேரடியாக எடுத்துக்கொள்கிறோம் என்றேன். ஒரு வருடத்துக்கு அப்படி எடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். மனசு ஆறவே இல்லை.

30 நவம்பர், சனி

ஃபெஞ்சல் புயல். விடியற்காலையிலிருந்து விடாத மழை, விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். நைட் சிஸ்டரால் வர முடியவில்லை. ஏஜென்சியில் போனை எடுக்கவே இல்லை.

ராத்திரி பத்தரைக்கு அவசர சிசேரியன். பக்கத்தில் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்றால் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. லேபர் ரூம் சிஸ்டரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு நான் ஸ்க்ரப் பண்ணினேன். பாவம், எந்த அலமாரியில் எந்த நூல் என்று அவருக்குத் தெரியாது. நான் வாயால் சொல்லச் சொல்ல எடுத்தார். மாப்பை நானே சத்தமாக மூன்று முறை எண்ணினேன். குழந்தை அழுதது. நான் உட்கார்ந்தபோது மணி ஒன்று.

4 டிசம்பர், புதன்

நிர்வாகத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் கொடுத்துவிட்டேன். ஏஜென்சிக்குக் கட்டும் தொகைக்கு இரண்டு நிரந்தர இடம், சேர்பவர்களுக்கு ஆறு மாதம் பயிற்சி, அதுவரை தனியாக டேபிளில் நிறுத்தக் கூடாது. 36,400 கணக்கையும் எழுதியிருக்கிறேன். படித்துப் பார்க்கிறேன் என்றார் மேனேஜர்.

ராத்திரி ஒன்பதரைக்கு அந்தப் பெண்ணிடமிருந்து போன். "அக்கா, நாளைக்கு கர்ப்பப்பை எடுக்குற கேஸ். என்னைத்தான் ஸ்க்ரப் பண்ணச் சொல்லியிருக்காங்க. இங்க யாரையும் கேக்க பயமா இருக்கு."

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். செட்டில் என்னென்ன இருக்கிறது, ஒவ்வொன்றாகச் சொல்லு என்றேன். சொன்னாள். நோட்டில் எழுதிக்கொண்டாள், பேனா சத்தம் கேட்டது. பதினொன்றரை வரை பேசினோம்.