மிஸ், இவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுது

"கிளாஸ் போரடிக்குது" என்று பிள்ளை சொன்ன மறுநாளே, கடினமான கணக்காகக் கொடுங்கள் என்று கேட்கப் பள்ளிக்குக் கிளம்பிவிடாதீர்கள். அதே பாடத்தை டியூஷனில் முன்கூட்டியே நடத்தியிருந்தால் வகுப்பில் சலிப்புத் தட்டத்தான் செய்யும். அதற்கு மிஸ் என்ன செய்வார்? சென்டத்தையும் நம்ப வேண்டாம். புக் பேக் கேள்விகளை உருப்போட்டே வாங்கிவிடலாம்.

வேறு விதமாகச் சோதியுங்கள். வகுப்பில் இன்னும் தொடங்காத பாடத்தின் கடைசிப் பயிற்சியிலிருந்து கடினமான 5 கணக்குகளைக் கொடுங்கள். உதவியில்லாமல், வழிமுறையோடு 4 சரியாக வந்தால் பேச விஷயம் இருக்கிறது. இரண்டு மூன்று பாடங்களுக்கு இப்படிச் செய்து, தாள்களில் தேதி போட்டு வையுங்கள்.

பேரண்ட்ஸ் மீட்டிங் இதற்கான இடமல்ல. பின்னால் வரிசை நிற்கும்போது யாராலும் நிதானமாகப் பேச முடியாது. 15 நிமிடம் தனியாகப் பேச எந்த நாள் வசதிப்படும் என்று டைரியில் எழுதிக் கேளுங்கள். முதலில் பாட ஆசிரியர்தான். நேரே எச்.எம். அறைக்குப் போனால் அது புகாராகிவிடும்.

"பையனுக்குப் போரடிக்குதாம்" என்று ஆரம்பித்தால், "நீங்க நடத்துறது சரியில்லை" என்றுதான் அவர் காதில் விழும். தாள்களை நீட்டி, "மிஸ், பின்னக் கணக்குல இதெல்லாம் அவனே போட்டிருக்கான். கிளாஸ்ல எப்படி இருக்கான், நீங்க பார்த்ததைச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். 'ஸ்டெப் எழுத மாட்டேங்கிறான், முடிச்சுட்டுப் பக்கத்துப் பையனை வம்புக்கு இழுக்கிறான்' என்று பதில் வரலாம். கோபப்படாமல் குறித்துக்கொள்ளுங்கள். பாதி விடை அதில்தான் இருக்கும்.

கேட்க வேண்டியது கூடுதல் வேலையை அல்ல, மாற்று வேலையை. எல்லோரும் 20 கணக்குப் போடும்போது இவன் கடைசி 4 மட்டும் போட்டுவிட்டு, மிச்ச நேரத்தில் ஒரு கடினமான கணக்கோடு மல்லுக்கட்டட்டும். சீக்கிரம் முடித்தால் இன்னும் 20 என்றால் எந்தப் பிள்ளையும் மெதுவாகப் போடக் கற்றுக்கொள்ளும். நன்றாகப் படிப்பவனைத் தினமும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்த்துவதும் இதற்கு மாற்றாகாது. எப்போதாவது என்றால் நல்லதுதான்.

40 நோட்டு திருத்துகிறவரிடம் தனி ஒர்க்‌ஷீட் தயாரிக்கச் சொல்வது நடக்காத காரியம். நீங்களே கொண்டுபோங்கள். இந்தியக் கணித ஆசிரியர்கள் சங்கம் நடத்தும் என்.எம்.டி.சி. கணிதத் திறன் தேர்வில் 5, 6 வகுப்புகளுக்கு ஒரு நிலை, 7, 8 வகுப்புகளுக்கு அடுத்த நிலை. பழைய தாள்கள் இதற்கு அருமையாகப் பொருந்தும். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி என்றால் 8ஆம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வின் மனத்திறன் தாள்களைக் காட்டலாம். தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு ரூ.12,000 உதவித்தொகையும் உண்டு. அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பாடம் நடத்தும் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித்தருவது புதிதல்ல, "மலரைத் தாண்டிட்டா என்ன கொடுக்கலாம்?" என்று கேட்டாலே போதும்.

டபுள் புரமோஷன் பேச்சை முதல் சந்திப்பில் எடுக்காதீர்கள்.

நீங்கள் கொண்டுபோன கணக்குகளைப் பிள்ளை போட்டதும் யார் திருத்துவது என்பதை அன்றே பேசி முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் ஏற்பாடு கவிழ்வது இங்கேதான். வீட்டில் நீங்கள் திருத்தி, வாரம் ஒருமுறை மிஸ் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். 4 வாரம் கழித்து மறுபடி சந்திக்கும் தேதியையும் டைரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.