பள்ளிக்கு இணையம்: வரைபடத்தில் தொடங்கும் வேலை

உலகின் ஒவ்வொரு பள்ளியையும் 2030க்குள் இணையத்துடன் இணைக்க வேண்டும் என்ற இலக்குடன் யுனிசெஃபும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் ‘கிகா’ திட்டத்தைத் தொடங்கின. இத்தகைய திட்டத்தின் பணி என்றால் நிதி திரட்டுவது என்றே நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது பள்ளி எங்கே இருக்கிறது என்று கண்டறிவதில் தொடங்குகிறது. பல நாடுகளின் பதிவேடுகளில் பள்ளியின் பெயர் இருந்தாலும் சரியான அமைவிடம் இருப்பதில்லை என்பதால், செயற்கைக்கோள் படங்களிலிருந்து பள்ளிக் கட்டடங்களை அடையாளம் காணக் கணினிக்குப் பயிற்சி அளிக்கிறார்கள். என்னை அதிகம் கவர்ந்தது கிர்கிஸ்தான்தான். அங்கே பள்ளிகளின் இணைப்புத் தரவைக் கையில் வைத்துக்கொண்டு அரசு ஒப்பந்தங்களை மீண்டும் பேசியபோது, மாதக் கட்டணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, வேகமோ இருமடங்கானது. பேரம் பேசுவது சந்தைக்கு மட்டும் உரிய கலையன்று போலும்.